மருந்தடிக்கிற ஹோஸில் ஓடிய பெட்ரோல்

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் தங்கையின் கணவன் செல்வமும் பதுளையில் கராஜ் நடத்தினோம். துணிக்கடை முதலாளி ஒருவரின் பழைய இங்கிலீஷ் காருக்கு ஜப்பான் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் பூட்டினோம். அந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பம்ப் பலத்த அழுத்தத்தில் தள்ளும். அதைத் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஊரில் கிடைக்கவில்லை. தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கிற பம்பின் ஹோஸும் அழுத்தத்துக்குச் செய்ததுதானே என்று நான் அதையே மாட்டினேன். ஹோஸின் முனைகளை இறுக்கும் கிளிப்புகளைச் செல்வம் முடுக்கினான்.

மூன்றாம் நாள் முதலாளியோடு பசறைக்குப் போனோம். ஏற்றத்தில் பெட்ரோல் நாற்றம் அடித்தது. காரை நிறுத்துவதற்குள் பொனட்டுக்கடியில் குபீரென்று தீப்பிடித்தது. காலடியில் கிடந்த ஸ்பேனரோடு வெளியே பாய்ந்தேன்.

"கிளிப்ப ஒழுங்கா முடுக்க மாட்டியாடா?" என்று கத்திக்கொண்டே செல்வத்தின் தாடையில் ஸ்பேனரால் அடித்தேன். இரண்டு கடைவாய்ப் பற்கள் ரத்தத்தோடு ரோட்டில் விழுந்தன. மறுபடியும் ஓங்கினேன்.

"அவர விடுங்க தம்பி, தீயப் பாருங்க!" என்று முதலாளி என்னைப் பிடித்துத் தள்ளினார்.

வாயில் ரத்தம் வழிய வழியச் செல்வமும் மண்ணை அள்ளிப் போட்டான். தீ அணைந்ததும் பார்த்தேன். கிளிப்புகள் அசையவேயில்லை. எரியாமல் மிஞ்சிய ஹோஸ் பெட்ரோலில் ஊறி, உப்பி, விரல் பட்டதும் பிய்ந்தது.

இப்போதெல்லாம் கடைக்காரர் சத்தியமே செய்தாலும், ஹோஸில் ஒரு துண்டை ஒரு வாரம் பெட்ரோல் போத்தலில் ஊறப்போட்டுப் பார்க்காமல் மாட்டுவதில்லை. கோபம் வந்தால் கையில் இருப்பதை முதலில் கீழே வைத்துவிடுகிறேன்.

செல்வம் அன்றைக்கே என்னை மன்னித்துவிட்டான். ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், இன்றைக்கும் ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறான்.