வீட்டில் இல்லாத பூனை

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் மகளோடும் பேத்திகளோடும் இருக்கிறேன். மீன் வாங்க வசதியில்லாமல் போனதும், சந்தையில் மீன் தலைகளைச் சும்மா கேட்டு வாங்கினேன். வெட்கத்தில், "வீட்டுப் பூனைக்கு" என்று சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை தந்த தலைகள் நாறின. பூனைக்குத்தானே என்று மீன்காரர் நினைத்திருப்பார். சின்னப் பேத்திக்கு இரத்தம் காணாது, சத்தான சாப்பாடு வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சந்தைக்குத் திரும்பிப் போனேன்.

"என்ன ஆச்சி, பூனை வேண்டாமெண்டு சொல்லிட்டுதோ?"

"பூனை இல்லைத் தம்பி. நாங்கள்தான் தின்னுறது."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நல்ல பாரை மீன் தலையொன்றைச் சுற்றித் தந்தார். அடுத்த சனிக்கிழமை எந்த முகத்தோடு போவேன்?

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மூத்த பேத்தியிடம் கொடுத்தேன்.

"வாசி பாப்பம், பிள்ளை. பூனை வாற இடத்தில சிரியாதை."