பக்கத்து வீட்டு டிவி சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன், பட்டாபிராமில் நான் வாடகைக்குக் குடியிருந்தபோது நடந்தது இது. பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பதியும், பிளஸ் டூ முடித்த அவர்கள் மகளும் இருந்தார்கள். கணவருக்கு அம்பத்தூரில் லோடு ஏற்றும் வேலை. மாலையில் அவர் வந்ததும் டிவி அலறத் தொடங்கும். ஜன்னல் வழியே பார்த்தால் மூவரும் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருமுறை கதவைத் தட்டி, சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். “பொண்ணுக்குக் காது மந்தம் அண்ணாத்தே” என்றார் கணவர். மறுநாளே, அம்மா பத்தடி தள்ளி நின்று முணுமுணுத்ததற்கு அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஆண்டு மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். விண்ணப்பத்தில் நரிக்குறவர் என்று இருந்தது. கணவரின் பேன்ட் சட்டையையும் பைக்கையும் பார்த்து அதிகாரிக்குச் சந்தேகம். என்னைக் கூப்பிட்டார்.

“நரிக்குறவர்னா வீட்ல தனி பாஷை பேசுவாங்க. இவங்க அப்படிப் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?”

“மூணு வருஷமா இருக்கேன் சார். தமிழைத் தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லை.”

நான் சொன்னது உண்மை. அதிகாரி ஃபைலை மூடினார். மகள் தரையைப் பார்த்தாள்.

“அவரு சொல்றது நெசந்தான் சார்” என்றார் அந்த அம்மா. “யாரு காதுலயும் உழக்கூடாதுன்னுதான் டிவிய அலற வுட்டுகினு கீறோம். முன்னாடி இருந்த ஊட்ல ஓனரு எங்க பாஷைய கேட்டுட்டாரு. மறுநாளே சாமானெல்லாம் தெருவுல.”

மாடியில் எங்கள் இரண்டு குடித்தனங்களுக்கும் வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் டிவியை அணைத்தார். வாசலுக்கு வந்து மகளிடம் அவர்கள் மொழியில் உரக்க ஏதோ கேட்டார். அவள் தயங்கினாள், பிறகு படபடவென்று பதில் சொன்னாள். தலைக்கு ஏன் எண்ணெய் வைக்கவில்லை என்ற வழக்கமான சண்டைதான் அது என்று பின்னர் அவளே சொன்னாள்.

அதிகாரி ஃபைலைத் திறந்து எழுதினார்.

சான்றிதழ் வந்தது. அடுத்த மாதமே, உறவுக்காரருக்கு வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொன்னார்.

இப்போது வேறு ஏரியாவில் இருக்கிறேன். பக்கத்தில் எங்காவது டிவி அலறினால் கதவைத் தட்டுவதில்லை. உள்ளே யாரோ தங்கள் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று விட்டுவிடுகிறேன்.