ஒரே ஒருவர் பார்க்க வேண்டிய படம்

போன வாரம் ஒரு படம் பார்த்தேன். இடைவேளையிலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். முடியவில்லை. என்னோடு வந்த ஒரு வேன் ஆட்களாலும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்கு சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேமரா கோணம், திரைக்கதை உத்தி, உலக சினிமா... அதெல்லாம் தெரிந்தவர்கள் வேறு பக்கத்தில் எழுதுகிறார்கள். பழவேற்காடு படகுத்துறைப் பக்கம் எனக்கு ஒரு ரீசார்ஜ் கடை. டிக்கெட் வாங்குகிறேன், பார்க்கிறேன், 'பார்க்கலாம்' அல்லது 'தவிர்க்கலாம்' என்று எழுதுகிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

என் அளவுகோல்களும் சாதாரணமானவை. ஹீரோ வருவதற்கு முன்பே நாலு பேர் அவரைப் பற்றிப் பயந்து பயந்து பேசினால் — தவிர்க்கலாம். மீனவர் படம் என்று சொல்லிவிட்டு, கரையில் நிற்கிற அத்தனை பேரும் மடிப்புக் கலையாத புது லுங்கியில் இருந்தால் — கட்டாயம் தவிர்க்கலாம். கதாநாயகி குழந்தை, பூனை, ஆட்டோக்காரர் எல்லோரிடமும் ஒரே அளவு சிரித்தால் இடைவேளை வரை பார்க்கலாம். ஹீரோவுக்கு ஒரு தடவையாவது பசித்தால் அந்தப் படத்தை நம்பலாம். நான் பார்த்தவரை, பசிக்கிற ஹீரோ மோசம் செய்ததில்லை.

எங்கள் பக்கத்தில் சினிமாவுக்குப் போவது சுற்று வேலை. ஏரிக்குள் இருக்கிற கிராமத்துக்காரர்களுக்கு இன்னும் பெரிய சுற்று. படகில் ஏறி பழவேற்காடு வர வேண்டும். அங்கிருந்து வேன் வைத்து பொன்னேரி. படம். மறுபடி வேன். மறுபடி படகு. இதில் தண்ணீர் வேறு. அது ஏறும், இறங்கும். இறங்குகிற நேரத்தில் மாட்டிக்கொண்டால் ஏரியில் முழங்கால் ஆழம்தான் மிஞ்சும், படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

அதனால் அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரைக் கணக்கு வைத்துப் பாதிப் படத்தில் எழுந்துவிடுவார்கள். பலருக்குப் பல படங்களின் க்ளைமாக்ஸ் தெரியாது. மறுநாள் கடைக்கு வரும்போது, "வில்லன் செத்துட்டானா பாய்?" என்று கேட்பார்கள். செத்துட்டான் என்று சொல்வேன். படம் பார்க்காமலே சொல்லலாம். எல்லாப் படத்திலும் செத்துவிடுகிறான்.

போன வாரம் அப்படி ஒரு கூட்டம் வந்தது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை வைப்பது என்று ஊர்களுக்குள் ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பாடு இல்லை. ஆகவே சினிமா. வேனில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆகவே நான்.

படகு மூர்த்தியுடையது. மூர்த்தி நல்ல மனிதர், ஆனால் அவர் படகில் ஒரு சட்டம் உண்டு. ஏறி வந்தவர்களில் ஓர் ஆள் குறைந்தாலும் படகு திரும்பாது. 'நீ போ, நான் நாளைக்கு வர்றேன்' என்ற பேச்சே கிடையாது. ஓர் ஆள் குறைவாகப் போய்க் கரையில் நின்றால் ஊரே தண்ணீரில் இறங்கித் தேட ஆரம்பித்துவிடும் என்பது காரணம். நியாயமான காரணம்.

கூட்டத்தில் மூர்த்தியின் தங்கை அமுதாவும் இருந்தாள். நிஜப் பெயர் அதுவல்ல. "மாத்திப் போடுங்க பாய், ஆனா நல்ல பேரா போடுங்க" என்றாள். மூர்த்தியின் பெயரும் மாற்றியதுதான். அவர், "எந்தப் பேரா இருந்தா இன்னா" என்றார்.

அமுதா கல்யாணமாகி மீஞ்சூர்ப் பக்கம் போனவள். கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. தங்கமான பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் நாலு மாதமாக அமுதா அவளுடைய நைனா வீட்டில் இருக்கிறாள்.

என்னதான் பிரச்சினை? பேசிப் பார்த்த பெரியவர்கள் யாருக்கும் புரியவில்லை. விஷயம் சின்னது. அவளுக்குப் பதிலாக அவர் பேசுவார்.

டீக்கடையில், "உனக்கு இன்னாம்மா?" என்று கேட்டால், "அவ டீ குடிக்க மாட்டா" என்பார். அவள் நன்றாகக் குடிப்பாள். துணிக்கடையில் பச்சைப் புடவையை எடுத்தால், "அவளுக்குப் பச்ச புடிக்காதுங்க." டாக்டர், "எங்கம்மா வலிக்குது?" என்றால், "வயித்துல சார், ரெண்டு நாளா." வலி முதுகில். வயிற்றுவலி மாத்திரையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அதையும் விழுங்கியிருக்கிறாள். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கணவர் சும்மா இருக்கவில்லை. மூன்று தடவை படகேறி வந்தார். ஒவ்வொரு தடவையும் பின்னால் நாலைந்து பெரியவர்கள். "அவளுக்கும் வர்ணும்னு ஆசதான் நைனா, வெக்கப்பட்டுக்கினு கீறா" என்று மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். அமுதா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

சரி, படத்துக்கு வருவோம். பெயர் சொல்லவில்லை, போஸ்டரில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். முதல் பாதி முழுக்க ஒரு வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி. அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். அவள் துணி மடிக்கிறாள். மடித்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு குடும்பத்தில் இவ்வளவு துணி இருக்க முடியுமா? இடைவேளைக்கு முன் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். விளக்கு எரிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூர்த்தி எழுந்தார். "பாய், இது தேறாது. ஒரே பேஜாரா கீது. இப்ப கெளம்பினா தண்ணி எறங்கறதுக்குள்ள போயிடலாம்."

எனக்கும் அதே அபிப்பிராயம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அமுதா எழவில்லை.

"நா வரலண்ணா. முடியற வரைக்கும் பாக்கணும்."

"முடிவுதான? பாய் யாரு கிட்டயாவது கேட்டு வெச்சிருப்பாரு, நாளிக்கி கேட்டுக்கோ."

"பாய் சொல்றத கேக்கறதுக்கா நான் இம்மா தூரம் வந்தேன்?"

மூர்த்தி தங்கையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அதட்டிக் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் நாலு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் விஷயம் இது என்பது அவருக்கும் தெரியும். ஓர் ஆள் வராமல் படகு திரும்பாது என்பதும் தெரியும்; சட்டம் போட்டவரே அவர்தானே. உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மொத்த வரிசையும் உட்கார்ந்தது. வேன் அவர்கள் வைத்தது, ஆகவே நானும் உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதியைப் பற்றி என்ன சொல்ல? அவள் அம்மா வீட்டில் ஒரு குழாய் சொட்டுகிறது. அதைக் காட்டுகிறார்கள். பிறகும் காட்டுகிறார்கள். கணவன் சொந்தக்காரர்களோடு வருகிறான், பேசுகிறான், போகிறான். மறுபடி வருகிறான். கடைசியில் ஒருநாள் தனியாக வருகிறான். எதிரே உட்காருகிறான். அதற்கப்புறம் — சத்தியமாகச் சொல்கிறேன் — பத்து நிமிடம் யாரும் எதுவும் பேசவில்லை.

பின் வரிசையில் ஒருவர், "ஆபரேட்டர் அண்ணே, சவுண்டு பூட்ச்சி!" என்று கத்தினார். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. எனக்கு இந்தப் பக்கம் ஒருவர் தலை தொங்கிவிட்டது. மூர்த்தி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் முள்ளாவது நகர்ந்தது.

நான் அமுதாவைப் பார்த்தேன். முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட எழுந்து நின்றுவிடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாப்கார்ன் மடியில் பிரிக்காமல் கிடந்தது.

அதற்குப் பிறகு க்ளைமாக்ஸ். அதை நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம்ணா" என்றாள்.

படகுத்துறைக்கு வந்தால், எதிர்பார்த்தபடி தண்ணீர் இறங்கியிருந்தது. படகு கொஞ்ச தூரம் போனது. கண்ணெதிரிலேயே சேற்றில் உட்கார்ந்தது. எல்லோரும் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். நானும் போய்த் தள்ளியிருக்கலாம்தான். என் வீடு இந்தக் கரையில். பேண்ட்டும் புதிது.

"படம் பாத்து ஒடம்பு வலிச்சது இதான் மொத தபா!" என்று மூர்த்தி கத்துவது கரை வரைக்கும் கேட்டது. அமுதாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். தள்ளிக்கொண்டே சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனாலும் கடமை கடமைதானே? அன்றைக்கே விமர்சனத்தை எழுதி முடித்துவிட்டேன். 'தவிர்க்கலாம்.' க்ளைமாக்ஸுக்கு முன் பத்து நிமிடம் வசனகர்த்தா லீவில் போய்விட்டார் போலிருக்கிறது என்று ஒரு வரி. அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் அமுதா கடைக்கு வந்தாள்.

"பாய், அந்தப் படத்தப் பத்தி எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். இன்னும் அனுப்பல."

"இன்னானு எழுதினீங்க?"

படித்துக் காட்டினேன். லீவு வரியில் கொஞ்சம் நிறுத்தினேன். அவள் சிரிக்கவில்லை.

"மாத்துங்க பாய்."

"எப்படிம்மா? நல்லாயில்லாத படத்த நல்லாருக்குனு எழுதினா வாசகர்கள் சும்மா வுடுவாங்களா?"

"அவரும் உங்க வாசகர்தான் பாய்."

எனக்கு அது புதுச் செய்தி. அவள் கணவர் இந்தப் பத்தியை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவராம். நான் தவிர்க்கலாம் என்று எழுதினால் அந்தப் படம் ஓடுகிற தெருப் பக்கமே போக மாட்டாராம். இத்தனை விசுவாசமான வாசகர் இருக்கிறார் என்று தெரிந்ததில் எனக்கு ஒரு பெருமை வந்தது. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"நீங்க எழுதறத படிச்சிட்டு, 'இந்தப் படம் அமுதாக்கு புடிக்காது'னு எல்லார் கிட்டயும் சொல்லுவாரு. நா பாத்தே இருக்க மாட்டேன்."

அதாவது, என் கருத்து அவர் வாய் வழியாகப் போய் அவள் கருத்தாக வெளியே வந்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து, அஞ்சு வருஷமாக. ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய வீச்சு கிடைக்குமா? எனக்கு வெட்கமாக இருந்தது.

"சரிம்மா, ஒண்ணு பண்றேன். க்ளைமாக்ஸ் இன்னானு வெவரமா எழுதிடறேன். படிச்சாலே புரிஞ்சிப்பாரு."

"ஐயோ, அத மட்டும் எழுதிடாதீங்க பாய்! எழுதினா, படத்தப் பாக்காமயே வந்து அதே மாரி செஞ்சிட்டுப் போயிடுவாரு." கவுண்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டாள். "அவரு போய் உக்காரணும். அந்தப் பத்து நிமிஷமும் வாய மூடிக்கினு உக்காரணும். அப்புறம் வரட்டும்."

"வந்தா அவரோட போயிடுவ, இல்ல?"

"அதயும் நீங்களே சொல்லிடுவீங்க போல கீதே பாய்!"

நான் வாயை மூடிக்கொண்டேன். ரீசார்ஜ் செய்ய அவள் நம்பரை எடுத்தேன். வழக்கமாக எந்த பிளான் என்று நான் கேட்பதில்லை. எப்போதும் போடுவதைப் போட்டுவிடுவேன். அன்றைக்குக் கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த அட்டையை நிதானமாகப் படித்துவிட்டு ஒன்றைக் காட்டினாள். நான் இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருந்தது அது இல்லை.

அவள் போன பிறகு விமர்சனத்தை எடுத்தேன். லீவு வரியை அடித்தேன். மனசு வரவில்லை, இருந்தாலும் அடித்தேன். (மேலே எழுதியிருக்கிறேனே என்கிறீர்களா? அது விமர்சனத்தில் இல்லை. தகவலுக்காக.)

ஆனால் பொய் எழுத முடியாது. இத்தனை வருஷம் உங்களிடம் சம்பாதித்த நம்பிக்கை ஒன்றுதான் இருக்கிறது. ஒரு படம் எல்லோருக்கும் நல்ல படமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? செருப்புக்கூட எல்லோருக்கும் ஒரே அளவில் விற்பதில்லை. ஒரு தியேட்டர் முழுக்கக் கொட்டாவி விடுகிற படம், ஒரு சீட்டில் மட்டும் சரியாகப் போய் உட்காரலாம். அந்த சீட்டுக்கு ஆள் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே தீர்ப்பு இதுதான். வாசகர்களே, இந்தப் படத்தை நீங்கள் தாராளமாகத் தவிர்க்கலாம். துணி மடிக்கிற காட்சி வேண்டுமென்றால் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எழுந்து போய் ஒரு கை கொடுங்கள்.

மீஞ்சூர்ப் பக்கத்து மாப்பிள்ளைக்கு மட்டும் தனியாக: பொன்னேரியில் இன்னும் ஓடுகிறது, விசாரித்துவிட்டேன். ஒரு டிக்கெட் போதும். இடைவேளையில் எழுந்துவிடாதீர்கள். பேச்சில்லாத அந்தப் பத்து நிமிடம் போனை எடுக்காதீர்கள். பின் வரிசையில் யாராவது கத்தினால் சிரிக்காதீர்கள். படம் முடிந்ததும் நேராகப் படகுத்துறைக்கு வாருங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும், கொஞ்ச தூரம் சேற்றில் தள்ள வேண்டியிருக்கும், தள்ளுங்கள். பெரியவர்கள் யாரும் வேண்டாம். மூர்த்தியிடம் ஓர் ஆளுக்குத்தான் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது ஒருவரா, இருவரா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவளைக் கேளுங்கள்.