கரடியூர்க் கொட்டகையின் குறுக்குக் கம்பி

கரடியூர் மலை விளிம்பில் ரஹீம் பாயின் டீக்கடைக் கொட்டகை சரிந்ததற்கு நான்தான் காரணம். பொறியாளர் போட்ட காற்றுக் கணக்கு தப்பு என்று ஊர் சொன்னபோது வாய் மூடி நின்றவனும் நான்தான்.

அதே மலையில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். யாரையும் மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை... நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சேலத்துப் பொறியாளர் மல்லிகா, விளிம்பில் காற்றின் வேகம் கூடும் என்று கணக்கிட்டு, நான்கு பக்க இரும்புச் சட்டத்திலும் மூலைக்கு மூலை குறுக்குக் கம்பி வரைந்திருந்தார். "பக்கத்துத் தகரத்தக் காத்து தள்ளும்ணா. அந்த வேகத்தத் தரையில இறக்கறது இந்தக் கம்பிதான். ஒண்ணு போனாலும் சாஞ்சுடும்" என்று என்னிடம் சொல்லியும் இருந்தார்.

வேலை முடிந்ததும் பாய் பள்ளத்துப் பக்கத்துக் குறுக்குக் கம்பியைக் கைகாட்டினார். "ஏனுங்க, டீ குடிக்கறவன் மலையப் பாப்பானா, உங்க பெருக்கல் குறியப் பாப்பானா? இத எடுத்தா ஒண்ணும் ஆகாதுங்களே?"

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேடத்தைக் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாமே...

"அது கொட்டகைய நிறுத்தும்போது தாங்கறதுக்கு வச்சதுங்க. இனி வேண்டாங்க" என்றேன். அறுத்தேன். தழும்பைத் தேய்த்துப் பெயின்ட்டும் அடித்தேன்.

ஆடிக் காற்றில் கொட்டகை ஒருக்களித்துச் சரிந்தது. பாய்க்குக் கால் எலும்பு முறிந்து, சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மல்லிகா வந்து சேர்வதற்குள், வழியை மறிக்கிறது என்று சொல்லி, இரும்பை எல்லாம் வெட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன். வழிக்காகவா வெட்டினேன்? நீங்கள் நம்ப வேண்டாம்.

வெறும் தரையைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "காத்தக் கம்மியா எடுத்துட்டேனோ என்னவோண்ணா."

அந்தச் சொல்லையே ஊரும் பிடித்துக்கொண்டது.

அதன்பின் மலையில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பாய் தேறி வந்து புதுக் கொட்டகை கேட்டார். "அந்தப் புள்ளைக்குக் கணக்கு வராதுங்க. உங்க அனுபவத்துல நிறுத்துங்க." நான் விரித்து வைத்துக்கொண்டது மல்லிகாவின் பழைய வரைபடத்தைத்தான். ஒரு கம்பி விடவில்லை. பாயும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. கால் ஒடிந்தவருக்கு இரும்பு கூடுதலாக இருந்தால் நிம்மதி.

இந்த ஆடியிலும் காற்று அடித்தது. கொட்டகை அசையவில்லை.

டீ குடிக்க வருகிறவர்களிடம் பாய் என் தோளைத் தொட்டுச் சொல்கிறார்: "இவரு வேல நொம்பக் கெட்டிங்க. படிச்சவங்க கணக்கெல்லாம் இவருகிட்ட நிக்காதுங்க."

நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.