லிஸ்பனில் ஒரு வெள்ளைச் சுவர்

லிஸ்பனில் வெறும் வெள்ளைச் சுவர் ஒன்றைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் தேடினோம். அந்த ஊரில் எந்தச் சுவரையும் சும்மா விட்டுவைப்பதில்லை. நீலப் பூப்போட்ட ஓடு பதித்திருப்பார்கள், இல்லையென்றால் ரோஸ், மஞ்சள் என்று கல்யாண வீடு மாதிரி பூசியிருப்பார்கள். இரண்டும் இல்லாத இடத்தில் யாராவது கிறுக்கியிருப்பார்கள்.

நாங்கள் என்றால் மூன்று பேர். சிட்னியில் ஒரே வகுப்பில் முதுகலை படித்தோம். ஒரு செமஸ்டரை லிஸ்பனில் படிக்கலாம் என்று சொன்னதும் பெட்டியைக் கட்டிவிட்டோம். நான் மதுரைப் பக்கம். எங்களில் ஒரே பெண்ணான அவள் கோயம்புத்தூர். மூன்றாமவன் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து சிட்னியின் லிட்கம்மில் வளர்ந்தவன். எங்களுக்கு அவன் லிட்கம்காரன்.

ஏழு குன்றுகளின் மேல் இருக்கும் ஊர் என்று லிஸ்பனைச் சொல்வார்கள். ஞாயிறுக்கு ஒரு குன்றாக ஏறுவது என்று வைத்துக்கொண்டோம். போனில் மேப் பார்க்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். சந்து எங்கே இழுத்ததோ அங்கே போனோம். அந்த நாட்களை இப்போது நினைத்தால் எனக்குத் தெருப்பெயர் ஒன்றும் வருவதில்லை. வழுக்கும் கல் பாவிய ஏற்றங்கள், மாடி ஜன்னல்களில் காயும் துணியிலிருந்து கழுத்தில் சொட்டும் தண்ணீர், ஏதோ ஒரு திருப்பத்தில் திடீரென்று கீழே விரியும் ஆறு, முன்னால் நடக்கும் அவளுடைய துப்பட்டா. இவைதான் வருகின்றன. தூக்கத்தில் நடப்பவர்களைப் போல நடந்தோம். கால் வலிப்பதே அறைக்குத் திரும்பிய பிறகுதான் தெரியும்.

எனக்கு அவள்மேல் ஆசை. சிட்னியில் முதல் வாரத்திலிருந்தே ஆசை. ஆறாவது குன்றிலிருந்து இறங்கும்போது, அவள் காதுக்குக் கேட்காத தூரத்தில், அதை லிட்கம்காரனிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு, ஏழாவது குன்றின் உச்சியில், அவளிடமே சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"இவ்வளவு நாளும் என்ன செய்தனி?" என்றான்.

"தைரியம் சேத்துக்கிட்டிருந்தேன்."

"ஓம், ஓம். நீ சேர்த்து முடிக்கேக்க அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்."

அன்று இரவு அவளிடம், "அடுத்த ஞாயிறு உச்சிக்குப் போனதும் உங்கிட்ட ஒண்ணு சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். ஏழாவது ஞாயிறும் வந்தது. அவள் நீலச் சுடிதாரில், தலையை இறுக்கப் பின்னி, பொட்டு வைத்து வந்து நின்றாள். அம்மா போன் செய்தாராம். சிட்னியின் பரமட்டாவில் வேலை பார்க்கும் பையன், ஜாதகம் பொருந்திவிட்டது, இன்றைக்கே வீடியோவில் பெண் பார்க்க வேண்டும். பையன் சிட்னியிலிருந்து வருவான், அவனுடைய அம்மா கோயம்புத்தூரிலிருந்து வருவார். அங்கே நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். எங்களுக்கு அது பகல் பன்னிரண்டு மணி.

"இது எந்த ஊர் ராகுகாலம்?" என்று கேட்டான் லிட்கம்காரன்.

"எங்கம்மா இருக்கற ஊர் ராகுகாலம்" என்றாள்.

அவளுடைய அறையில் வேறு மூன்று பெண்கள் இருந்தார்கள். ஜன்னல் மேடை நெடுக அவர்களுடைய ஒயின் பாட்டில்கள். அங்கே பேச முடியாது. "பின்னாடி வெறும் சுவரா இருக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க. வேற ஏதாச்சும் தெரிஞ்சா, ஊர் சுத்தற புள்ளைன்னு நெனச்சுக்குவாங்களாம்." ஏழு வாரமாக நாங்கள் வேறென்ன செய்தோம்?

"உனக்கு இதுல இஷ்டமா?" என்று கேட்டேன்.

"பேசிப் பாத்தாத்தானே தெரியும். வேற யாரு வந்து என்னைக் கேட்டாங்க?" என்று சிரித்தாள்.

இதைவிட நல்ல சமயம் ஒருவனுக்கு வாய்க்காது. லிட்கம்காரன் என் விலாவில் இடித்தான். நானோ, "வா, சுவரைத் தேடலாம்" என்றேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தும் கும்பிடாமல் நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தேடிக்கொண்டே ஏறினோம். ஜக்கரண்டா மரங்கள் பூத்திருந்தன. சிட்னியில் நவம்பரில் பூப்பவை அங்கே மே மாதக் கடைசியிலேயே பூத்துவிடுகின்றன. தெருவெல்லாம் ஊதாவாகக் கிடந்தது. எங்கோ மேலே டிராம் மணி அடித்தது. சுவர் கிடைக்காமலே போய் மணி பன்னிரண்டு ஆகிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பதினொன்றரைக்குச் சுவர் கிடைத்தது. அதைப் பார்த்துச் சொன்னவனும் நான்தான். ஒரு முட்டுச்சந்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், மேலே நீட்டிக்கொண்டு ஒரு ஜக்கரண்டா கிளை.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். போனை என்னிடம் கொடுத்தாள். "நீதாண்டா ஆட்டாமப் பிடிப்ப." முகத்தில் வெயில் நேராக விழாமல் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன். அந்த வெளிச்சத்தில் அவள் எவ்வளவு அழகாக இருந்தாள் என்பதை யாருக்கோ காட்டுவதற்காக இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

பையன் நல்லவனாகவே இருந்தான், அதுதான் கொடுமை. இவள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டான். அவள் தலையில் ஒரு பூ உதிர்ந்து தங்கியதைப் பார்த்து அவனுடைய அம்மா, "பூவெல்லாம் வெச்சிருக்குது பாரு" என்று மகிழ்ந்தார். எல்லாம் முடியப்போகும் நேரத்தில் அந்த அம்மா கேட்டார்: "போனை யாரு கண்ணு பிடிச்சிருக்கறது?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"அண்ணாங்க. எங்ககூடப் படிக்கறாங்க."

அதுவரை என்னை 'டா' தவிர வேறு எப்படியும் அழைக்காதவள். அந்த இடத்தில் வேறு என்னதான் சொல்வாள்? நம் வீடுகளில் கூடப் படிக்கும் ஆணுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பான பெயர் அதுதான்.

"அண்ணனைக் கொஞ்சம் காட்டு" என்றார் அந்த அம்மா. போனை என் பக்கம் திருப்பி வணக்கம் சொன்னேன்.

"தங்கச்சிய நல்லாப் பாத்துக்கங்க தம்பி."

"சரிங்கம்மா" என்றேன்.

போனை வாங்கிக்கொண்டு அவள் திரும்பினாள். முதுகெல்லாம் சுண்ணாம்பு. தட்டிவிடக் கையைக் கொண்டுபோனேன், பாதியில் நின்றுவிட்டது. லிட்கம்காரன் தன் தொப்பியால் தட்டிவிட்டான்.

ஏழாவது குன்றின் உச்சிக்கும் போனோம். ஆறு கீழே கண் கூச மினுங்கியது. "இங்க வந்து ஏதோ சொல்றேன்னியே?" என்று அவள் கேட்டாள். "பசிக்குதுன்னு சொல்ல வந்தேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து பன் எடுத்துக் கொடுத்தாள். அழுகையும் பன்னுமாக விழுங்கினேன்.

அந்தப் பையனையே கட்டிக்கொண்டாள். இப்போது அவர்கள் சிட்னியின் செவன் ஹில்ஸில் இருக்கிறார்கள், நான் இரண்டு தெரு தள்ளி. பெயரில்தான் ஏழு குன்று, ஏறி மூச்சு வாங்க ஒன்றுகூடக் கிடையாது. போன மாதம் அவர்களுடைய மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை ஊரிலிருந்து வரவழைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, விசிட்டர் விசாவில் வந்திருந்த மாமியார் சொன்னாராம்: "எதுக்கு? லிஸ்பன் அண்ணன் இருக்காருல்ல? அன்னிக்கே எங்கிட்டச் சரின்னு சொன்னவரு."

வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மாமன் சீராகக் குட்டித் தோடு வாங்கிக்கொண்டு போனேன். பட்டுப்பாவாடையோடு பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். எதிரே அவள் நின்றாள். இந்த முறை போனைப் பிடித்திருந்தவள் அவள்.

முதல் காதுக்குப் பிள்ளை வீறிட்டது. இரண்டாவதற்கு என் சட்டையைப் பற்றிக்கொண்டு முகத்தைப் புதைத்தது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. "மாமனுக்கு இளகின மனசு" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பந்திக்கு எல்லோரும் எழுந்து போன பிறகு லிட்கம்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மடியிலேயே தூங்கிப்போன பிள்ளையைப் பார்த்தான்.

"மச்சான், அண்டைக்கு நீ வாயைத் திறந்திருந்தால், இவள் இருந்திருக்க மாட்டாள், என்ன?"

அப்படி நான் யோசித்ததே இல்லை. இத்தனை வருடமும் அந்தச் சுவரின் முன்னால் என்னிடமிருந்து என்ன போனது என்று மட்டுமே யோசித்திருந்தேன். பிள்ளையின் காதில் என் தோடு, பக்கத்தில் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தது. கையில் இன்னும் என் சட்டைப் பொத்தான்.

"சரி, எழும்பு. சாப்பாடு ஆறப்போகுது" என்றான்.

"நீ போ. பிள்ளை தூங்குது" என்றேன்.