கரியடுப்பில் ஒரு தபசு காலம்

அந்த வருடத்து நோட்டுப் புத்தகத்தில் தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "மரவள்ளிக் கிழங்கு இரண்டு, சுட்டது. அவர் பாதி தின்றார். மழை இல்லை." மகன் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மற்றப் பக்கங்களிலும் இல்லை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளில் குடியிருந்தோம். என் கணவருக்குச் சரக்கு ரயில் எஞ்சினில் கரி தள்ளும் வேலை. நான் கடலோரக் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கிள்ளானில் தபசு காலம் என்றால் மீன். இறைச்சி விலக்கிய சுத்தபோசன நாளில் விதவிதமாக மீன் சமைக்க எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸுக்கு மீன் காலை ரயிலில் வைக்கோல் போர்த்திய கூடைகளில் வரும். வந்து சேரும்போது கண் வெளுத்திருக்கும். இருந்தாலும் வாங்கிச் சமாளித்து வந்தேன்.

அந்த வருடம் அவருக்கு அதுவும் இல்லை. மகன் காய்ச்சலில் கிடந்தபோது, சுத்தபோசன நாளான ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டுக்கால் சூப் கேட்டான். இவர் வாங்கி வந்து ஊட்டினார். திங்கட்கிழமை அவன் போய்விட்டான். நோயாளிக்குச் சுத்தபோசனம் கிடையாது என்று பங்குச் சாமியார் எடுத்துச் சொன்னார். இவர் காதில் அது ஏறவில்லை. அந்த வெள்ளிக்கிழமைப் பாவத்தைப் பையன் மறுமையில் சுமந்துகொண்டு நிற்கிறான் என்று நினைத்தார். அதற்காக ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். தபசின் நாற்பது நாளும் இறைச்சி மட்டுமல்ல, மீன், கருவாடு, முட்டை எதையும் தொடுவதில்லை.

நேர்ச்சையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மகன் போனதிலிருந்தே அவர் சாப்பிடாததுதான் தொல்லை. பொங்கிய சோற்றையும் தாளித்த கறியையும் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜனவரியில் ஒரு நாள் ஓடும் எஞ்சினில் மயங்கிச் சரிந்தார். டிரைவர் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் வெளியே விழுந்திருப்பார். இன்னொரு முறை மயங்கினால் எஞ்சினை விட்டு இறக்கிக் கொட்டகை கூட்டப் போட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எஞ்சினும் இல்லாவிட்டால் அவர் காலையில் எதற்காக எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே தபசு முடியும் பாஸ்குத் திருநாள் வரை அவரை எப்படியாவது சாப்பிட வைப்பது என் வேலை ஆயிற்று.

வழி அவர் வாயிலிருந்தே வந்தது. எஞ்சினில் வேலை செய்பவர்கள் கரி வாரும் ஷவலைக் கழுவி, அதில் கிழங்கை வைத்து நெருப்புக்குள் காட்டிச் சுடுவது வழக்கம்.

"டிரைவர் அண்ணன் சுட்டுக் குடுத்தாரு. அது மட்டும் எறங்குச்சு" என்றார்.

மறுநாளே பாக்காவ் மரக்கரி ஒரு சாக்கு வாங்கி, கொல்லைப்புறத்தில் கரியடுப்பை வைத்தேன். செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதியிருக்கிறேன். வாழைக்காயைத் தோலோடு சுட வேண்டும். தோல் முழுக்கக் கறுத்து வெடித்த பிறகு உரித்து, உப்பும் எலுமிச்சையும். மரவள்ளியை வேகவைத்து மசித்து, வாழையிலையில் மடித்துத் தணலில் வைத்தால் இலையின் வாசனை இறங்கும். சீனக்காரரிடம் வாங்கிய சோயாக் கட்டியான தௌஹுவைச் செங்கல்லுக்கு அடியில் ஒரு மணி நேரம் நீர் வடியவிட்டு, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் தடவி ஈர்க்கில் குத்திச் சுட்டேன். சுக்குன் என்ற சீமைப்பலாக்காய் முழுசாக முக்கால் மணி நேரம். நாலு பக்கமும் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் பச்சையாக நிற்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனின் மனைவி, இந்துக் கோயிலுக்குப் போகிறவர், தினமும் எட்டிப் பார்ப்பார்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு எதக் கொளுத்துற?"

"கத்தரிக்காய் அக்கா."

"அடுப்புல கறி வச்சா புருசன் ஓடிருவாரா? விட்டா அம்மியையும் சுட்டுப் போட்ருவ லா."

நான் சிரித்தேனா என்பது குறிப்பில் இல்லை.

முதல் இரண்டு வாரம் அவர் பாதிதான் தின்றார். பதினேழாம் நாள் கத்தரிக்காயைக் கீறிச் சுட்டு, மிளகாய் அரைத்துத் தடவிக் கொடுத்தேன். மூன்று கத்தரிக்காய் போயிற்று. தட்டை வழித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். மகன் போன பிறகு அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து எதைச் சுட்டாலும் அதே மிளகாயைத் தடவினேன். தினமும் வயிறு நிறையத் தின்றார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

இருபத்தைந்தாம் நாள் காலை, மிளகாய் எத்தனை என்று பார்க்க நோட்டைத் திருப்பினேன். பதினேழாம் நாள் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "காய்ந்த மிளகாய் ஆறு, சின்ன வெங்காயம் நான்கு, பெலாச்சான் விரல் நுனியளவு, சுட்டது."

பெலாச்சான் என்பது கூனி இறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த கட்டி. கிள்ளானில் மிளகாய் அரைக்கும் எந்தப் பெண்ணும் அதைத் தணலில் காட்டாமல் அம்மிக்குப் போகமாட்டாள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானே டப்பாவைத் திறக்கும். என் கை திறந்திருக்கிறது. நான் பக்கத்தில் நின்று, அளவைக்கூடப் பிசகாமல் எழுதி வைத்திருக்கிறேன். பதினெட்டு, பத்தொன்பது என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எட்டு நாளிலும் இருந்தது.

வேலியருகே போய் அக்காவிடம் கேட்டேன், வாசனை வந்ததா என்று.

"வராம? தெரு முனை வரைக்கும் மணந்துச்சே!"

"ஏன் அக்கா சொல்லல?"

"எனக்கென்ன தெரியும் லா? நீங்க வேதக்காரங்க. ஒங்க சாமி கணக்குல பெலாச்சான் மீனுல சேராதாக்கும்னு நெனச்சேன்."

அன்று மாலை பெலாச்சான் இல்லாமல் அரைத்தேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

"என்னமோ கொறையுது" என்றார். பாதியில் எழுந்துவிட்டார். மறுநாளும் பாதிதான். அதற்கு மறுநாள் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

பேசாமல் பழையபடி அரைத்துவிடலாம் என்று நினைத்தது உண்மை. டப்பாவைத் திறக்கவும் செய்தேன். ஆனால் இப்போது எனக்குத் தெரியும். தெரிந்து போட்டால் அது என் கை செய்தது ஆகாது, நான் செய்தது ஆகும். டப்பாவை மூடினேன். அவர் வேலை முடிந்து வந்து குளித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் முன்னால் வைத்தேன்.

"மிளகாயில பெலாச்சான் போட்டிருக்கேன். நெனப்பில்லாம. மன்னிச்சிருங்க."

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "எத்தனை நாள்?"

"எட்டு."

"எனக்கு ஒண்ணும் மணக்கல. மூக்கு பூரா கரித்தூளு." நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, "எட்டு நாள்தானே? நல்லா எண்ணினியா?" என்றார்.

"எண்ணினேங்க."

ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் கேட்டோம். தெரியாமல் தின்றதால் நேர்ச்சை முறியாது என்றார். இவர் வணங்கிவிட்டு வெளியே வந்து, "சாமி சொல்றது சரிதான். ஆனா பையன்கிட்ட நான் சொன்னது நாப்பது நாளு" என்றார்.

பெலாச்சான் இல்லாத ருசி ஒன்றை நான் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. தேங்காய்க் கீற்று, புளி, வெங்காயம், மிளகாய் நான்கையும் தணலில் கருக்கி, கல்லுப்போடு ஒன்றிரண்டாக நசுக்கினேன். அதை இலையில் பார்த்துவிட்டு, "நீயும் உக்காரு" என்றார். அதுவரை நான் மீன் சோற்றைச் சமையலறையில் நின்றபடியே தின்றுகொண்டிருந்தேன். அன்று உட்கார்ந்தேன். அவர் முக்கால் பங்கு தின்றார். முன்போல் இல்லை, எஞ்சினுக்குப் போதும்.

பாஸ்குத் திருநாளன்று மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது தெரு முழுக்க ஆட்டுக்கறி வாசனை. எங்கள் வீட்டில் சுக்குன். அன்று தொடங்கி, குறைந்துபோன எட்டு நாளுக்கும் இருவருக்கும் சுட்டேன். அவர் ஒருநாள்கூட மயங்கவில்லை. எட்டாம் நாள் மாலை கை கழுவிவிட்டு வந்தவர் கதவருகே நின்றார்.

"நாளைக்கு அதப் போட்டுரு."

"எத?"

"அதான். பெலாச்சான்."

மறுநாள் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா, "இன்னிக்குச் சாமி பெர்மிசன் குடுத்துட்டாரா?" என்றார். அன்று எனக்கு எப்படி இருந்தது என்று நோட்டில் இல்லை, நினைவிலும் இல்லை. கத்தரிக்காய் ஐந்து என்று இருக்கிறது. அவருக்கு மூன்று, எனக்கு இரண்டு.