வண்டலூர்க் கல்குவாரி: எட்டியும் தேற்றானும் சேர்ந்து நின்ற இடம்

செடி தேடிப் போகிறவர்கள் எனக்கு எழுதும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். பூவோ காயோ இல்லாத பருவத்தில் ஒரு மரத்தை அடையாளம் காண முடியுமா? முடியும். 1971 செப்டம்பரில் அப்படிச் செய்யவேண்டி வந்தது. அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாம்பரத்தில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். செய்முறைத் தேர்வுக்கு ஐம்பது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, குடும்பமும் பேரினமும் எழுதித் தரவேண்டும். என்னிடம் முப்பத்தெட்டுதான் இருந்தன. வகுப்புத் தோழி ரோஸ்லினிடம் அதுவும் இல்லை. சனிக்கிழமை காலை 8.40 ரயிலில் இருவரும் கிளம்பினோம். வண்டலூருக்கு ஆறு கிலோமீட்டர். டிக்கெட் இருபது பைசா என்று ஞாபகம். ஸ்டேஷனிலிருந்து காட்டோரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஒரு கல்குவாரி. அதைச் சுற்றித்தான் நல்ல புதர்கள்.

வழியெல்லாம் பறித்துக்கொண்டே போனதில் பதினொன்று ஆகிவிட்டது. குவாரியை நெருங்கியபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. உளிச் சத்தம் இல்லை. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஓலைக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். ரோஸ்லின் காலில் ஒரு ஜல்லி உருண்டது. அத்தனை பேரும் ஒரேயடியாகத் திரும்பிப் பார்த்தார்கள். கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டில் படபடவென்று ஆடும் ஓசை கேட்டது.

வாசலில் நின்ற பெண் உதட்டில் விரல் வைத்தாள். அவள் பெயர் அஞ்சலை. உள்ளே படுத்திருந்தது அவள் கணவன் ஏழுமலை.

"சத்தம் போடாத பாப்பா. சத்தம் கேட்டா வில்லு மாரி வளையறாரு" என்றாள் கிசுகிசுப்பாக.

"இன்னாக்கா ஆச்சு?" என்றேன்.

"முனி அட்ச்சுட்ச்சு. காலைல தோ அந்த முனி மரத்தாண்ட கல்லெடுக்கப் போனாரு. வந்து தண்ணி குட்ச்சாரு, கொஞ்ச நேரத்துல தாடை இறுகிப்போச்சு. பூசாரிய இட்டார ஆள் போய்க்கீது."

எட்டிப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். கண் திறந்திருந்தது, நல்ல நினைவோடு எங்களைப் பார்த்தார். பல் இறுகி, உதடு இழுபட்டு, சிரிப்பது போலிருந்தது. ஆனால் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த நிலையிலும் அஞ்சலை எங்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மழைக்குப் பிறகு குவாரிக் குட்டையில் சேறுதான் இருக்கும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசினால் சேறு அடியில் தங்கிவிடும். ரோஸ்லின் செம்பை வாயருகே கொண்டுபோகும்போது, பானைப் பக்கத்தில் கிடந்த கொட்டையைப் பார்த்தேன். தேற்றாங்கொட்டை கோலிக்குண்டு போல் உருண்டையாக இருக்கும். இது சட்டைப் பொத்தான் போல் தட்டையாக இருந்தது. அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

உரசியதில் தேய்ந்து தட்டையாகியிருக்கலாமே? விளிம்பைத் தடவினேன். பட்டு போன்ற மெல்லிய சாம்பல்நிற ரோமம் அங்கே தேயாமல் இருந்தது. அப்படியானால் இது இயல்பிலேயே தட்டை.

"அக்கா, இத எங்க பொறுக்குனீங்க?"

அவள் கை நீட்டியது அதே மரத்தை நோக்கித்தான். ஓடினேன். அங்கே ஒன்றல்ல, இரண்டு மரங்கள், கிளைகள் பின்னிக்கொண்டு. அடையாளம் காண்பதென்றால் ஒவ்வொரு படியிலும் இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டே இறங்குவதுதான். இலை எதிரெதிரா, மாறி மாறியா? இரண்டிலும் எதிரெதிர். நரம்பு நடுவிலிருந்து பிரிகிறதா, அடியிலிருந்தே கிளம்புகிறதா? இரண்டிலும் அடியிலிருந்தே. அதுவரை ஒரே பேரினம். பிறகுதான் பிரிந்தன. ஒன்றில் இலைக்காம்பு இல்லையென்றே சொல்லலாம், பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருந்தது: தேற்றான். மற்றதில் இலை அகலம், பளபளப்பு, தெளிவான காம்பு, பட்டை சாம்பல் நிறத்தில் வழவழப்பு: எட்டி. தரையில் இரண்டின் கொட்டைகளும் கலந்து கிடந்தன.

திரும்பி வந்து, "தண்ணி கசந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"நான் துப்பிட்டேன். கொட்டிட்டு வேற கொட்டைய உரசுனேன். அவுரு வாயில பொகயில, கசப்பு தெரில. அதுக்குள்ள ரெண்டு செம்பு குட்ச்சுட்டாரு."

"இது முனி இல்லக்கா. எட்டி. அதோட கொட்ட வெசம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

கல் லாரி நின்றிருந்தது. ஆனால் அந்த இரைச்சலை அவர் தாங்கமாட்டார். சேகரிப்புப் பெட்டியிலிருந்த பஞ்சை அவர் காதுகளில் அடைத்தேன். நான்கு பேர் கட்டிலோடு தூக்க, செருப்பில்லாமல், பேச்சில்லாமல், ரோடு வரை நடந்தோம். அரைமணி நேரம். ஒரு காக்கை கத்தியதற்கே அவர் உடம்பு வளைந்தது. ரோட்டில் காய்கறி வேன்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு, ஹார்ன் அடிக்காமல் மெதுவாக ஓட்டினார். தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கொட்டையைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் ஊசி போட்டு, அறையை இருட்டாக்கிக் கதவைச் சாத்தினார். நான்காம் நாள் ஏழுமலை கஞ்சி குடித்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இலையைத் தனியாகக் கிள்ளாதீர்கள். காம்போடும் கிளையோடும் எடுங்கள். பட்டையைத் தொட்டுப் பார்த்து அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் கிடப்பதெல்லாம் அந்த மரத்தினுடையது என்று நம்பாதீர்கள். எதையும் வாயில் வைக்காதீர்கள். தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். உளிச் சத்தம் பழையபடி கேட்டது. இரண்டு மரத்தையும் அஞ்சலைக்குக் காட்டி வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தேன். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப முனிக்கு எங்க மேல கோவம் இல்லியா?"

"இல்லக்கா. மரம் அது பாட்டுக்கு நிக்குது."

எட்டியின் பட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"முனின்னா பொங்க வெச்சா கோவம் தீர்ந்துடும் பாப்பா. இதுக்குக் கோவமே இல்லன்னா, இன்னாத்தச் சொல்லி அடக்குறது?"